மறதிக்கு மருந்து தேடிய ஜீனத்துன்னிசா

ஜீனத்துன்னிசாவுக்குக் கிழட்டு எலிகள் வந்து சேர்ந்தது தற்செயலாகத்தான். எழுபத்தொன்பதில் பெங்களூரு ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவியாக அவள் போய்ச் சேர்ந்தபோது, முன்பே வந்தவர்கள் நல்ல இளம் எலிகளை எல்லாம் பங்கு போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூண்டு வரிசையின் கடைசியில் முடி கொட்டிப்போய், கண் மங்கி, யாருக்கும் வேண்டாமல் சில எலிகள் கிடந்தன. பேராசிரியர் அவற்றைக் காட்டி, "இப்போதைக்கு இதுகளை வைத்துக்கொள்" என்றார். அந்த 'இப்போதைக்கு' முப்பத்தாறு வருஷம் நீடித்தது.

அவளுடைய அத்தா ஜமால் முகமதுக்குக் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் பாத்திரக் கடை. மகள் மூளை ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஊரில் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. அதனால் 'டாக்டருக்குப் படிக்குது' என்று சொல்லி வைத்தார். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடமும் அதையே சொன்னார். வந்தவர்கள் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிப்பார்கள். எலிகள் விஷயம் வெளியே வந்ததும் பேச்சு நின்றுபோகும். மூன்றாவது, நான்காவது இடமும் அப்படிப் போனபிறகு அத்தா மாப்பிள்ளை தேடுவதை விட்டுவிட்டார். ஜீனத்தும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய கவலையெல்லாம் தொட்டியில் இருந்தது.

அது வட்டமான தண்ணீர்த் தொட்டி. பால்பவுடர் கரைத்துத் தண்ணீரை வெள்ளையாக்கியிருப்பார்கள். ஓரிடத்தில், தண்ணீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சின்ன மேடை. எலியைத் தொட்டியில் விட்டால் நீந்தும்; மேடை காலில் தட்டுப்பட்டதும் ஏறி நின்று உடம்பை உதறும். இளம் எலிகள் இரண்டு மூன்று நாளில் மேடை இருக்கும் இடத்தைப் பழகிவிடும். கிழட்டு எலிகளோ நேற்று ஏறி நின்ற மேடையை இன்று மறந்துவிட்டு, தொட்டிச் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும். மூச்சு வாங்கும்போது ஜீனத் கையை விட்டுத் தூக்கிவிடுவாள். ஈரத்தோடு உள்ளங்கையில் நடுங்கும் அந்த உடம்பை அவள் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பாள். உடன் வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள்.

வயதான மூளை ஏன் மறக்கிறது என்பதற்கு அவளிடம் ஒரு யோசனை இருந்தது. மூளைக்குள் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் ஒருவித வீக்கம் கனன்றுகொண்டிருக்கிறது. அதைத் தணித்தால் நரம்புகள் மறுபடி ஒன்றோடொன்று பேசும் என்று அவள் நம்பினாள். வேதியியல் துறையில் இருந்த ஒருவர் அதற்கென்று சில மருந்துகளைச் செய்து கொடுத்தார். ஒவ்வொன்றாகப் பரிசோதித்துத் தள்ளிவிட்டு, தொண்ணூற்று ஏழில் ஒரு மருந்துக்கு வந்தாள். அதற்குப் பெயர்கூட இல்லை, எண்தான். அந்த மருந்து கொடுத்த எலி ஒன்று, சாகும் வயதில் இருந்த எலி, தொட்டியில் விட்டதும் ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு நேராக நீந்திப் போய் மேடைமேல் ஏறி நின்றது. ஜீனத் மறுநாளும் விட்டுப் பார்த்தாள். வேறு எலிகளை விட்டுப் பார்த்தாள். எல்லாம் நேராகப் போயின.

அன்றைக்கு அவள் கள்ளக்குறிச்சிக்குப் போன் போட்டாள். அண்ணன் அமீர்தான் எடுத்தான்.  "அண்ணே, எலி ஞாபகம் வச்சிருக்கு" என்றாள். அமீர், "சரி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

எலியிலிருந்து மனிதருக்கு வர இன்னும் பதினோரு வருஷம் ஆனது. நஞ்சா இல்லையா என்று பார்ப்பதற்குச் சில வருஷம், அனுமதிக்குச் சில வருஷம். கடைசியில் மனிதரிடம் சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவானபோது, இடம் கள்ளக்குறிச்சியாக இருக்கட்டும் என்று அவள் அடம்பிடித்தாள். அங்கே ஜனங்கள் இடம் மாறுவது குறைவு, வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்க்கலாம், ஒரே வட்டாரத்தில் மலையும் சமவெளியும் கிடைக்கும் என்று குழுவிடம் காரணம் சொன்னாள். எல்லாம் உண்மைதான். தன் ஊருக்கு முதலில் தரவேண்டும் என்ற ஆசையை மட்டும் சொல்லவில்லை.

கச்சிராயபாளையம் சாலையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். மருந்து எழுத ஒரு டாக்டரும், ரத்தம் எடுக்க ஒரு நர்சும் இருந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து ஆட்களை அழைத்து வர வெள்ளிமலைப் பக்கத்து மாயவன் இருந்தான். மலையிலிருந்து வந்த பெரியவர்களில் பாதிப் பேருக்கு வயது தெரியாது. மலையை ஆண்ட ஜாகிர்தார் காலத்தில் கல்யாணம் ஆனது, ரோடு போட்ட வருஷம் பேரன் பிறந்தான் என்று அவர்கள் சொல்வதை வைத்துக் கணக்குப் போட வேண்டியிருந்தது. மூளைக்கு என்ன வயதாகிறது என்று ஆராய வந்த இடத்தில் ஆளுக்கு என்ன வயது என்பதே தகராறாக இருந்தது. ஜீனத் அதற்கெல்லாம் சலித்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்து, அதையும் விட்டுவிட்டாள்.

அங்கேதான் தங்கதுரை தன் மனைவி கொளஞ்சியம்மாளைக் கூட்டி வந்தார். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி வாய்க்கால் பாயும் பூமியில் கரும்பு வைத்திருப்பவர். கொளஞ்சியம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் நின்றாள், செத்துப்போன அப்பா கொல்லையிலிருந்து வந்துவிட்டாரா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் தங்கதுரை பயந்துபோனார்.

சேருவதற்கு முன்னால் ஜீனத் எல்லோருக்கும் சொன்னதை அவருக்கும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பாதிப் பேருக்கு மருந்து இருக்கும் மாத்திரை, பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லாத வெறும் மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று தனக்கே தெரியாது, முடிவில்தான் தெரியும்.

தங்கதுரை தலையாட்டினார். "எங்களுக்கு நல்லதே வருங்க" என்றார்.

மாதாமாதம் டவுன் பஸ்ஸில் இருவரும் வந்தார்கள். முதலில் கலைந்த தலையோடு வந்த கொளஞ்சியம்மாள் பிறகு தலை பின்னி, பூ வைத்து வர ஆரம்பித்தாள். தங்கதுரைதான் பின்னிவிடுகிறார் என்று நர்சு வந்து சொன்னாள். வந்த வேலை முடிந்ததும் கடைவீதியில் டிபன் வாங்கிக் கொடுத்து அழைத்துப் போவார். நான்காவது மாதம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"டாக்டரம்மா, நேத்து மாட்டப் பேரு சொல்லிக் கூப்ட்டாங்க இவ. ஆறு மாசமா அதும் பேரே வரல. அவ தங்கச்சி வந்துது, பார்த்ததும் தெரிஞ்சிகினா. மாத்திரை கேக்குதுங்க."

"பார்ப்போங்க. இன்னும் நாளிருக்கு" என்று ஜீனத் சொன்னாள்.

அவள் ஊகிக்கக் கூடாது. அதற்காகத்தான் யாருக்கு எது என்பதையே பெங்களூரில் பூட்டி வைத்திருந்தார்கள். ஆனாலும் அன்று கொளஞ்சியம்மாளிடம் ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது, அவள் மூன்றைச் சொன்னாள். போன முறை ஒன்றுகூட இல்லை.  நேராக நீந்திப்போன அந்த எலி ஜீனத்தின் கண்முன்னால் வந்தது. இவளுக்குக் கிடைப்பது மருந்து இருக்கும் மாத்திரைதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். சோதனை நடந்த மூன்று வருஷமும் சோர்ந்துபோன நாட்களில் எல்லாம் கொளஞ்சியம்மாளை நினைத்துக்கொண்டு எழுந்தாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் பூட்டைத் திறந்தார்கள். பெங்களூரில் நீண்ட மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, கணக்குப் பார்த்த பெண் ஞாபகத்துக்குப் போட்ட மதிப்பெண்களைத் திரையில் இரண்டு கோடுகளாகக் காட்டினாள். மருந்து சாப்பிட்டவர்களின் கோடு ஒன்று, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களின் கோடு ஒன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கீழே இறங்கின. யாரோ இருமினார்கள். ஜீனத் தண்ணீர் குடித்தாள். எலிகளுக்கு வேலை செய்தது மனிதருக்கு வேலை செய்யவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். 

கூட்டம் முடிந்தபிறகு அவள் பெயர்ப்பட்டியலைக் கேட்டு வாங்கி ஒரே ஒரு பெயரைத் தேடினாள். கொளஞ்சியம்மாள் மூன்று வருஷமும் சாப்பிட்டது வெறும் மாத்திரை.

பங்கெடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்லவேண்டியது கடமை. ஆளனுப்பிச் சொன்னால் போதும் என்றார்கள். மற்ற வீடுகளுக்கு ஆளனுப்பினாள். தங்கதுரை வீட்டுக்குத் தானே டவுன் பஸ் ஏறிப் போனாள்.

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. தங்கதுரை வெட்டு ஆட்களை விட்டுவிட்டு வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கொளஞ்சியம்மாள் சுவரோரம் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். கை பழக்கத்தில் ஒழுங்காக உரித்தது. ஜீனத் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

தங்கதுரை மனைவியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்போ இவளுக்கு நல்லானது?"

"அது மாத்திரையால இல்லீங்க. அதுல வெறும் மாவுதான்."

"மாவா?"

"ஆமாங்க. ஆரம்பத்துலயே சொன்னேனே, பாதிப் பேருக்கு..."

"சொன்னீங்க. இல்லன்னு சொல்லல. நமக்கு அது வராதுன்னு நெனச்சிகினேன்." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "சரிங்க டாக்டரம்மா. அந்த மாவு மாத்திரையவே குடுங்க. எங்களுக்கு அது போதும்."

"அது இல்லீங்க. மீதி இருந்ததை எல்லாம் திருப்பி அனுப்பிட்டோம். இருந்தாலும் குடுக்கக் கூடாதுங்க. தெரிஞ்சே பொய் சொல்லிக் குடுக்கற மாதிரி."

"மாவுன்னு அவளுக்குத் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியுமே?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. "ஆமா. இப்ப எனக்குத் தெரிஞ்சிபோச்சி. நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாங்க."

கொளஞ்சியம்மாள் உரித்த காயை ஜீனத்திடம் நீட்டி, "இன்னா வந்தவங்களுக்கு ஒண்ணும் குடுக்காம பேசிக்கினு கீற?" என்றாள். தங்கதுரை எழுந்து உள்ளே போனார். மோர் கொண்டுவர வெகுநேரம் ஆனது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வருஷமாக மாத்திரை கொடுத்த கையோடு பக்கத்தில் உட்கார்ந்து மாட்டின் பெயரைக் கேட்டவர், தலை பின்னியவர், ஊருக்கு அழைத்து வந்து டிபன் வாங்கிக் கொடுத்தவர் தங்கதுரைதான். குணமாகிறாள் என்று நினைத்ததால் அதையெல்லாம் செய்தார். இனி எதற்காகச் செய்வார்? 

அதன்பிறகு பெங்களூரில் அவளுக்குப் பெரிய வேலை தரப்படவில்லை. அவளுடைய பிரிவை வேறொரு பிரிவோடு சேர்த்தார்கள். மருந்து பலிக்கவில்லை என்ற கட்டுரையை வாங்கிப் போட எந்த ஆய்விதழும் முன்வரவில்லை. ஒருவழியாக ஒன்று போட்டது. கிழட்டு எலிகளை வளர்ப்பது வீண் செலவு என்று முடிவானது. கடைசிக் கூண்டு காலியான அன்று அவள் லீவு போட்டுவிட்டு அறையிலேயே இருந்தாள். பதினைந்தில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, அமீர் வீட்டு மாடியில் குடியிருந்தாள்.

வந்த வாரமே கச்சிராயபாளையம் போனாள். வீட்டு முன்கதவு வெளியே தாழிட்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தாழைத் திறந்தாள். உள்ளே கொளஞ்சியம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புடவை முந்தானை கட்டில் காலோடு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தட்டில் சோறு காய்ந்து கிடந்தது. ஜீனத்தைப் பார்த்து அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

ஜீனத் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது தங்கதுரை மண்வெட்டியோடு வந்தார். வெட்கப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ரெண்டு வாட்டி வாய்க்கால்ல எறங்கிட்டாங்க. பொண்ணு களமருதூர்ல கீது, அதால வந்து பார்க்க முடியாது. நான் தண்ணி பாய்ச்சப் போவணும். இன்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

 மூளை எப்படி முதுமை அடைகிறது என்று அவள் நாற்பது கட்டுரை எழுதியிருந்தாள். தண்ணீர் முறை வரும் நாளில் கொளஞ்சியம்மாளை யார் பார்ப்பது என்பது அதில் எதிலும் இல்லை.

"நான் வந்து உட்காந்துக்கறேங்க" என்றாள்.

அப்படியே வாரத்தில் இரண்டு நாள் போய் உட்கார்ந்தாள். ஒருமுறை சத்து மாத்திரைப் பட்டை ஒன்றை வாங்கிப் போய்க் கொடுத்தாள். தங்கதுரை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா மாத்திரைங்க?"

"சத்து மாத்திரைங்க. உடம்புக்கு நல்லது."

"ஓ, மாவு மாதிரி" என்றார் அவர். மாடத்தில் வைத்தார். அடுத்த மாதமும் அது பிரிக்காமல் அங்கேயே இருந்தது.

கொளஞ்சியம்மாள் முதலில் ஜீனத்தைத் தன் தங்கை என்று நினைத்தாள். அப்புறம் தன் மாமியார் என்று. அப்புறம் அந்த முகத்துக்கு எந்தப் பெயரும் இல்லாமல் போனது. பேச்சு சுருங்கிச் சுருங்கி, 'வா' என்ற ஒரு சொல் மட்டும் கொஞ்ச காலம் மிஞ்சியிருந்தது. அதுவும் நின்றது. மென்று விழுங்குவதை மறந்தபோது அடுத்து என்ன வரும் என்று ஜீனத்துக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றும் எந்த வரிசையில் போகும் என்பதை அவள் முன்கூட்டியே அறிந்திருந்தாள். அந்த அறிவால் யாருக்கும் ஒரு வாய்க் கஞ்சியைக்கூட இறக்கிவிட முடியவில்லை.

இரண்டாயிரத்துப் பதினெட்டில், ஆடி மாதத்தில் ஒருநாள், விடிந்த கொஞ்ச நேரத்தில் தங்கதுரை போன் செய்தார்.

"போய்ட்டாங்க டாக்டரம்மா." பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. "ஒண்ணு சொல்லணும். அப்போ ஒரு வாட்டி கேட்டீங்களே, செத்தப்புறம் மூளைய எடுத்துப் பார்த்தா ஆராய்ச்சிக்கு உதவும்னு. நான்கூட அன்னிக்குச் சத்தம் போட்டேன். இப்ப எடுத்துக்கோங்க. பொண்ணுகிட்டவும் பேசிட்டேன். உள்ள இன்னாதான் ஆச்சின்னு பாருங்க."

 எத்தனையோ வீடுகளில் ஜீனத் கேட்டுத் திட்டு வாங்கிய விஷயம் அது. சமவெளியிலும் மலையிலும் ஒரு குடும்பம்கூட இசையவில்லை. உயிரோடு இருந்தபோது சோதித்துப் பார்த்த ஒருவரின் மூளை கையில் கிடைத்தால் எவ்வளவோ தெரியவரும் என்று அவள் காலமெல்லாம் சொல்லி வந்தாள். இன்று ஒருவர் தானாகக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்.

"இருங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

பெங்களூரில் தன் பழைய இடத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பிரிவே இப்போது இல்லை மேடம் என்றார். வேறொரு இடத்தைக் கேட்டாள். அவர்கள், இறந்து எவ்வளவு நேரம் ஆயிற்று, அங்கே தலையைத் திறக்கும் வசதி இருக்கிறதா, குளிரூட்டி அனுப்ப முடியுமா, முன்கூட்டிப் பதிவு செய்தவரா என்று கேட்டார்கள். கேட்கும்போதே முடியாது என்பது தெரிந்துவிட்டது. பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டாள். அவன் வெளிநாட்டில் இருந்தான், அங்கே நடுஇரவு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆடியிலும் கள்ளக்குறிச்சி வெயில் பிணத்துக்குக் காத்திருக்காது.

அவள் நேரில் போனாள். பந்தல் போட்டு, பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியம்மாளைக் குளிப்பாட்டி நெற்றியில் காசு வைத்திருந்தார்கள். தங்கதுரை அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வண்டி வருங்களா?"

"இல்லீங்க. வாங்கிக்க யாரும் இல்லீங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபிறகு அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நான் லேட்டா சொல்லிட்டேனா?" என்று கேட்டார்.

"உங்க தப்பு இல்லீங்க."

"அப்ப நீங்களாவது சொல்லுங்க. நீங்க பார்த்துகினேதான இருந்தீங்க. உள்ள இன்னா ஆச்சி இவளுக்கு?"

"தெரியலீங்க" என்றாள் ஜீனத்.

"இத்தினி வருசம் படிச்சுமா?"

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள்.  பெண்கள் சுடுகாடு வரை போவதில்லை என்பதால் அவள் தெருமுனையிலேயே நின்றுகொண்டாள்.

தங்கதுரை அந்த வருஷக் கரும்போடு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் களமருதூரில் மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது சொல்லிக்கொள்ள வந்தார்; அமீரோடு கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அதன்பிறகு தகவல் இல்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. நோய்த்தொற்று வந்து போனது. அமீர் கடையை மகனிடம் விட்டான். மறதிக்குப் புது மருந்து ஒன்று வந்திருக்கிறது என்று எப்போதாவது பேப்பரில் வரும்; ஜீனத் கடைசி வரி வரை படிப்பாள். எலிகளிடம் நல்ல பலன் என்றிருக்கும். படித்துவிட்டு மடித்து வைப்பாள்.

யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு மாடியேறி வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன பங்குனியில் சங்கராபுரத்திலிருந்து பூமாலை என்ற பெண் தன் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தாள். ஜீனத் அந்த அம்மாவிடம் கொஞ்ச நேரம் பேசினாள். சொற்களைச் சொல்லிக் கேட்கவில்லை. கண்ணைப் பார்த்தே தெரிந்தது.

"இதுக்கு மாத்திரை எழுதித் தருவீங்கன்னு சொன்னாங்க" என்றாள் பூமாலை.

"நான் மாத்திரை எழுதற டாக்டர் இல்லம்மா. இதைக் குணமாக்கற மாத்திரையும் இல்ல. கேட்டதையே கேட்டா திட்டாத. முதல் தடவை கேட்ட மாதிரி பதில் சொல்லு. தலை வாரி விடு. வெளிய கூட்டிகினு போ. அதுக்கு மேல இல்லம்மா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பூமாலைக்கு முகம் வாடிவிட்டது. இதற்காகவா லீவு போட்டு வந்தோம் என்று தோன்றியிருக்கும். அம்மாவின் புடவையைச் சரிசெய்து எழுப்பினாள். படியிறங்கப் போனவள் திரும்பி, "சேலத்துல ஒருத்தர் நல்லா பார்க்கறாராம். இங்கிருந்து சேலம் பஸ் எங்கங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

ஜீனத் வழி சொன்னாள். அவர்கள் தெருவைக் கடந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பும்வரை மாடியில் நின்று பார்த்துவிட்டு, வெயில் தாங்காமல் உள்ளே போனாள்.